ஒரு இன்வெர்ட்டர், இரண்டு இயந்திரங்கள்

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதம் ஒருமுறையாவது தண்ணீர் அளவு பார்க்க வேண்டும். அரிமளத்தில் பாதி வீடுகளில் பார்ப்பதில்லை. மிதவை சிவப்புக்கு இறங்கிய பிறகுதான் கடைக்காரரைக் கூப்பிடுகிறார்கள். நான் அப்படி இல்லை. கரண்ட் சம்பந்தப்பட்ட எதையும் அலட்சியமாக விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம். ஏனென்றால், புயலன்று பேட்டரி பழுதாகி இருந்தது என்று என் மருமகன் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு உதவி செய்வதாக நினைத்துச் சொல்லியிருப்பார். பேட்டரி நன்றாக இருந்தது.

நான் ஆத்மநாதன். சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் ஆபரேட்டராக வேலை பார்த்தவன். இப்போது கம்ப்யூட்டர் என்றால் மடியில் வைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நின்ற மெயின்ஃப்ரேம். அலமாரி அலமாரியாக இருக்கும். ஒரு பக்கம் டேப் சுற்றும் பெட்டிகள், இன்னொரு பக்கம் பிரிண்டர். எல்லா ஊர்களிலும் இருக்கிற பாலிசிதாரர்களுக்கு பிரீமியம் நோட்டீஸ் அங்கிருந்துதான் போகும். ஷிப்ட் மாறும், ஆள் மாறும், அது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் அது ஏதாவது கேட்டால் பதில் சொல்வதுதான் ஆபரேட்டரின் வேலை. இந்த டேப்பை மாட்டு என்று கேட்கும். மாட்டிவிட்டு, மாட்டியாகிவிட்டது என்று தட்ட வேண்டும். பதில் வரும்வரை அந்த வேலை அப்படியே காத்து நிற்கும். என் சர்வீசில் ஒரு கேள்வியையும் நான் காக்க வைத்ததில்லை.

புது இயந்திரங்கள் வந்ததும் அதை நிறுத்தினார்கள். பெரிய அதிகாரிகள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நிறுத்தும் கட்டளையைத் தட்டுகிற கௌரவத்தை எனக்கே கொடுத்தார்கள். தட்டினேன். ஒவ்வொரு பெட்டியாக அடங்கியது. கடைசியில் ஏசியையும் அணைத்தார்கள். அத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் நிசப்தத்தைக் கேட்டதே இல்லை. என் மூச்சு எனக்குக் கேட்டது. காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. எனக்குப் பின்னால் யாரோ வந்து நின்றுகொண்டு, நான் திரும்புவதற்காகப் பொறுமையாகக் காத்திருப்பது போல இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து யாரோ ஒரு மிட்டாயை வாயில் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் அந்த நிசப்தம் காதை விட்டுப் போகவில்லை. என் மனைவி உண்ணாமலை என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் மிக்சியை ஓடவிட்டாள். உள்ளே ஒன்றும் போடாமல், வெறும் மிக்சி.

"இப்பத் தேவலையாங்க?" என்றாள்.

தேவலையாக இருந்தது. என்னை அவ்வளவு தெரிந்தவள் அவள். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்ததும் அவள் பிறந்த ஊர் என்பதால் அரிமளத்துக்கே வந்துவிட்டோம். மகள் சிவரஞ்சனி கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தது. ஒருநாள் அதில் எதையோ தேடப்போய், என்னைப் போன்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்து மெயின்ஃப்ரேமின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறார்கள். பொழுதுபோக்குதான். அதற்கென்று ஒரு ப்ரோக்ராம் இருக்கிறது. சின்னக் கம்ப்யூட்டரை அது பெரிய மெயின்ஃப்ரேம் போல நடிக்க வைக்கும். அதன் மேல் பழைய சிஸ்டத்தை ஏற்றினால் அதற்கு வித்தியாசமே தெரியாது. தன்னைச் சுற்றி ஒரு ஹால் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு ஓடும். டேப் கேட்கும். டேப் ஏது? அந்தப் பெயரில் ஒரு ஃபைல் இருக்கும், அவ்வளவுதான். மாட்டியாகிவிட்டது என்று தட்டினால் நம்பிவிடும்.

முதல்முறை அந்தப் பச்சை எழுத்துகள் வரிசையாக ஏறியபோது நான் அழுதேன் என்று சொல்வதில் வெட்கம் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் ஆபீசையே அதற்குள் கட்டினேன். இல்லாத பாலிசிதாரர்களுக்குப் பெயர் வைத்தேன், ஊர் வைத்தேன். பொன்னமராவதியில் ஒரு ஜவுளிக் கடைக்காரர், கட்டுமாவடியில் படகு வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் என்று யோசித்து யோசித்துப் போட்டேன். அவர்களுக்கெல்லாம் தேதி தவறாமல் பிரீமியம் நோட்டீஸ் அடிக்கும். பேப்பரில் அல்ல, அதுவும் ஒரு ஃபைலில்தான். நான் ஹாலைக் கடந்து அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் உண்ணாமலை, "என்ன, ஆபீசுக்குக் கெளம்பியாச்சா?" என்பாள். போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் டீ வரும்.

எழிலரசன் என்று ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் இதைக் கேள்விப்பட்டு மாணவர்களைக் கூட்டி வந்தார். வேனில் வந்தார்கள். உண்ணாமலை எல்லாருக்கும் பணியாரம் சுட்டுப் போட்டாள். நான் டேப் மாட்டிக் காட்டினேன், பிரிண்டர் ஓட்டிக் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். எழிலரசன் கேட்டார், "சார், இத எப்பவாச்சும் நிறுத்துவீங்களா?"

"ஏத்தின நாள்லேருந்து நிறுத்துனதே இல்ல" என்றேன். அதுவரை எனக்கே அது தோன்றியதில்லை. அவர் வாயைப் பிளந்தார். அதை வீடியோவாக எடுத்து இன்டர்நெட்டில் போட்டார். ஜெர்மனியிலிருந்தெல்லாம் பாராட்டு எழுதினார்கள். நிறுத்தாமல் ஓடும் இந்திய மெயின்ஃப்ரேம் என்று எனக்கு ஒரு பெயர் வந்தது. அடுத்த காலேஜ் ஆண்டு விழாவில் என்னை மேடையேற்றி, எங்கள் வீட்டிலிருந்து நேரடியாகத் திரையில் காட்டுவது என்று எழிலரசன் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

இதற்கிடையில்தான் உண்ணாமலைக்கு உடம்பு கெட்டது. கொரோனா வந்து போனது. காய்ச்சல் போய்விட்டது, நுரையீரல் மட்டும் காய்ந்த பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்றார் டாக்டர். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி ஒன்றை வாங்கி வந்தோம். கட்டில் அளவு உயரம், கீழே சக்கரம். மூக்கில் மாட்டுகிற குழாய் சமையலறை வரை நீளும். அவள் குழாயை இழுத்துக்கொண்டே போய் ரசம் வைப்பாள். அந்தப் பெட்டிக்கும் ஒரு சத்தம் உண்டு. மாடு பெருமூச்சு விடுவது போல. என் கம்ப்யூட்டரின் சத்தமும் அதுவுமாக வீடு எப்போதும் உயிரோட்டமாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

சிவரஞ்சனி வந்து இன்வெர்ட்டர் போட்டுக் கொடுத்தாள். "அப்பா, இது அம்மா மெஷினுக்கு மட்டும். வேற எதையும் மாட்டாதீங்க" என்று சொன்னாள். அவள் ஏர்போர்ட் போன பிறகு நான் ஒரு வயரை இழுத்து என் அறைக்கும் கொடுத்துக்கொண்டேன். அதுவரை கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கென்று ஒரு சின்ன பேட்டரிப் பெட்டிதான் இருந்தது. அது எப்போது கை விடுமோ என்று ஒவ்வொரு தடவையும் அதன் பக்கத்திலேயே நிற்பேன். இது நிம்மதியாக இருந்தது. உண்ணாமலையும் பார்த்தாள்.

இப்போது கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். செவந்தி இதைப் பற்றி உங்களிடம் அரைகுறையாகச் சொல்லியிருப்பாள், அவளுக்கு முழுதாகத் தெரியாது. செவந்தி பக்கத்து வீட்டுப் பெண். கணவன் துபாயில் இருக்கிறான். உண்ணாமலைக்குக் கை உதவியாக வந்து போவாள்.

அன்று மத்தியானம் கரண்ட் போய் வெகுநேரம் வரவில்லை. உண்ணாமலை தூங்கிக்கொண்டிருந்தாள். பேட்டரி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு இயந்திரங்கள், ஒரு பேட்டரி. இன்னும் நீண்ட நேரம் கரண்ட் வராவிட்டால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதல்லவா? அவள் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு காட்டுகிற கருவியை மாட்டினேன். தொண்ணூற்றுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக்சிஜன் பெட்டியின் பிளக்கை எடுத்தேன். அது கீ கீ என்று கத்தும், அதனால் பின்னால் இருக்கிற சுவிட்சையும் அணைத்துவிட்டேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தேன்.

முதலில் மெதுவாகத்தான் இறங்கியது. தொண்ணூறைத் தாண்டியும் அவள் தூங்கினாள். எண்பதுக்குப் பக்கத்தில் உதடு நிறம் மாறியது. அதற்கும் கீழே போனபோது வாய் திறந்து மூடியது, கரையில் போட்ட மீன் போல. நான் உடனே பிளக்கைச் செருகிவிட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ நெஞ்சு மேல உக்காந்து மூக்க அமுக்குன மாரி இருந்துச்சுங்க."

"கெட்ட கனவு" என்றேன்.

நான் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் அவளுக்கு அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. தன் விரலில் அந்தக் கருவி மாட்டியிருந்ததை அவள் பார்த்திருந்தாள் என்று நினைக்கிறேன். பகலில் தூங்குவதை விட்டாள். நான் அறைக்குள் வந்தால் கண்ணைத் திறந்துகொள்வாள். கட்டிலைச் செவந்தியைக் கொண்டு சுவர் ஓரமாக, பிளக் பாயிண்டை ஒட்டி நகர்த்திப் போட்டாள். ஜன்னல் காற்று வேண்டும் என்று நான் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் சுவரோரம் இருந்தது. சிவரஞ்சனி வீடியோவில் கூப்பிடும்போது நான் பக்கத்தில் இருந்தால், "நல்லாத்தான் இருக்கேன்டி" என்பாள். சொல்லும்போது மகளைப் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். "இரும்மா, அப்பா வெளிய போறாகளான்னு பாத்துட்டுப் பேசுறேன்" என்று அவள் ஒருநாள் சொன்னது என் காதில் விழுந்தது. வருத்தமாக இருந்தது. நோயாளிகளுக்கு இப்படிச் சந்தேகம் வரும் என்று படித்திருக்கிறேன். அதனால் நான் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

செவந்தியிடம் அவள், "என்னையத் தனியா விட்டுட்டுப் போகாத" என்று சொன்னதெல்லாம் எனக்கு இப்போதுதான், நீங்கள் அவள் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டித்தான் தெரியும்.

புயல் அன்று காலையிலேயே காற்று ஆரம்பித்துவிட்டது. கட்டுமாவடிப் பக்கம் கரையேறுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். முன்னெச்சரிக்கையாகக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். தென்னை மரங்கள் தலையைத் தரையில் அடித்துக்கொண்டன. ஓடுகள் பறந்து வந்து எங்கள் வாசலில் உடைந்தன. வானம் மத்தியானத்திலேயே சாம்பல் பூத்துவிட்டது. நான் பயந்த ஆள் மேடம். ஒவ்வொரு தடவை காற்று கதவை அறையும்போதும் என் கம்ப்யூட்டர் அறைக்குப் போய், பச்சை எழுத்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். ஓடியது.

ஒரு சிலிண்டரும் அவசரத்துக்கு வைத்திருந்தோம். காலையில் அதைத்தான் அவளுக்கு முதலில் மாட்டினேன், பேட்டரி மிச்சமாகட்டும் என்று. அது மத்தியானத்துக்கு முன்னாலேயே தீர்ந்தது. முந்தின மாதம் புதுக்கோட்டைக்கு அனுப்பி நிரப்பியிருக்க வேண்டியது. எழிலரசனின் விழா வேலையில் விட்டுப்போயிற்று. பிறகு ஆக்சிஜன் பெட்டியை இன்வெர்ட்டரில் ஓட்டினேன். இரண்டு இயந்திரங்களும் ஓடின.

செவந்தி நனைந்துகொண்டு ஓடிவந்தாள். அவள் வீட்டுக் கூரைத் தகரம் போய்விட்டது. ஆனாலும் அவள் வந்தது உண்ணாமலைக்காக.

"பெரியப்பா, ஆட்டோக்கார கண்ணன்கிட்ட சொல்லிட்டேன். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர ஏத்திக்கிட்டு வாரேங்குது. வழியில புளியமரம் விழுந்து கெடக்கு, வெட்டிக்கிட்டு இருக்காக. வெட்டுனதும் வந்துரும். பெரியம்மாவ வேணும்னா அப்பறம் புதுக்கோட்டைக்கே கொண்டு போயிரலாம்."

"எதுக்கு இந்தக் காத்துல எல்லாரையும் தொந்தரவு பண்ற? பேட்டரி இருக்குல்ல. நீ போயி ஒன் வீட்டப் பாரு."

உண்ணாமலை செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகாதடி" என்றாள். "இங்கிட்டே இரு."

"அவ புள்ளைக தனியா கெடக்கு உண்ணாமலை. விடு" என்று நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டேன். கெட்டியாகப் பிடித்திருந்தாள். செவந்தியைப் பின்வாசல் வழியாக அனுப்பித் தாழ்ப்பாள் போட்டேன். காற்றுக்குக் கதவு திறந்துகொள்ளும் என்பதால்.

இன்வெர்ட்டரைப் பார்த்தேன். பாதிக்குக் கீழே வந்திருந்தது. நீங்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும் மேடம். ஆக்சிஜன் பெட்டிக்குக் கரண்ட் அதிகம் தேவை. கம்ப்யூட்டருக்கு ரொம்பக் கொஞ்சம். கம்ப்யூட்டரை நிறுத்தினால் அவளுக்குக் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அவள் பெட்டியை நிறுத்தினால் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது மறுநாள் வரை. எந்த ஆபரேட்டரும் இந்தக் கணக்கைத்தான் போடுவான். வேலைகளுக்குள் முன்னுரிமை கொடுப்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

நான் பிளக்கை நோக்கிக் குனிந்தபோது அவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, என்ன செய்றீங்க?"

"கொஞ்ச நேரந்தான். கண்ண மூடிப் படுத்துக்க. போன தடவ தாங்குனேல்ல."

அவள் மெல்லக் கேட்டாள். "அப்ப அது கனவு இல்லையா?"

பிளக்கை எடுத்தேன். பெட்டி கத்தியது. பின் சுவிட்சை அணைத்தேன், கத்தல் நின்றது. பிளக்கைக் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் தரையில் வைத்தேன். அவள் கும்பிட்டாள். என்னைக் கும்பிட்டாள் மேடம். "சிவரஞ்சனிக்கு ஒரு போனு மட்டும்" என்றாள். டவர் இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அன்று யாருக்கும் டவர் இல்லை.

என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே காற்றின் இரைச்சல் பெரிதாக இருந்தது, சாத்தினால்தான் கம்ப்யூட்டரின் சத்தம் காதில் விழும். திரையில் நோட்டீஸ் வேலை ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த டேப்பைக் கேட்டது. தட்டினேன். நன்றி சொல்லாது அது, ஆனால் உடனே நகரும். அந்த நகர்வைப் பார்த்தால் எனக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடும்.

அவள் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டினாள். கதவு சாத்தியிருந்தும் கேட்டது. நான் கேட்காதது போல இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். "இரு, வாரேன்" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தேன். பின்வாசல் கதவையும் யாரோ தட்டினார்கள். "பெரியப்பா, கதவத் தெறங்க! பெரியம்மா தட்டுது, கேக்கலையா?" செவந்திதான். அவள் வீட்டுக்குப் போகவே இல்லை போலிருக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மழையில் நின்று, பெட்டி கத்தி அடங்கியதையும் கேட்டிருக்கிறாள். பிறகு அவள் குரல் தெருப்பக்கம் ஓடியது. கண்ணனைக் கூப்பிடப் போனதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கப் பயந்து இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். என் முகத்தில் பயப்பட என்ன இருக்கிறது என்று நான் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றுமில்லை.

தட்டுவது நின்றது. நான் உடனே எழுந்திருக்கவில்லை. நோட்டீஸ் வேலை முடிகிற கட்டத்தில் இருந்தது. முடிந்து, முடிந்தது என்ற வரி வந்ததும் எழுந்தேன்.

அவள் கட்டிலில் இல்லை. தரையில் குப்புறக் கிடந்தாள். மூக்குக் குழாய் கழுத்தைச் சுற்றியிருந்தது. பிளக்கைத் தேடி எடுத்துவிட்டிருக்கிறாள். அதைப் பிடித்த கை சுவரோரம் நீண்டிருந்தது. பிளக் பாயிண்டுக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண்கூட இல்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

தூக்கிக் கட்டிலில் போட்டேன். கனமே இல்லை. முகத்தைத் துடைத்து, புடவையைச் சரிசெய்து, கையை நெஞ்சில் வைத்தேன். குழாயை மூக்கில் மாட்டினேன். பிளக்கைச் செருகி, பின் சுவிட்சைப் போட்டேன். பெட்டி மறுபடி பெருமூச்சு விட ஆரம்பித்தது. பிறகு போய்ப் பின்வாசல் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்.

செவந்தியும் கண்ணனும் வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜெனரேட்டர் ஆட்டோவில்தான் இருந்தது, தார்ப்பாயால் மூடி, கயிறு கட்டி. கண்ணன் உண்ணாமலையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். செவந்தி அவளைப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வெளியே போனாள்.

டாக்டர் நுரையீரல் நோய் என்று எழுதிக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்லக் கூடாது, அந்த நோயும் பொய் இல்லையே. சிவரஞ்சனி வந்து சேர நாளாயிற்று. அம்மா கஷ்டப்பட்டாளா என்று கேட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். துக்கத்துக்கு எழிலரசன் வந்தார். உள்ளறையிலிருந்து கம்ப்யூட்டர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தார். "சார், புயல்லகூட நிக்கலையா?" என்றார். "நிக்கலை" என்றேன். அவர் கண் கட்டிலுக்குப் போனது, மூலையில் நிறுத்தியிருந்த ஆக்சிஜன் பெட்டிக்குப் போனது, இன்வெர்ட்டருக்குப் போனது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். விழாவைப் பற்றி அதன்பிறகு பேசவே இல்லை.

பேட்டரியைச் சோதித்தவர் என்ன எழுதியிருக்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் ஓடவிட்டிருந்தாலும் கண்ணன் வருகிறவரை தாங்கியிருக்கும். நான் பிளக்கை எடுத்தபோதே அது எனக்குத் தெரியும். ஜெனரேட்டர் வருகிறது என்பதும் தெரியும். ஆனால் மரம் வெட்ட நேரமானால்? ஜெனரேட்டர் வழியில் நின்றுபோனால்? ஒருவேளை, ஒருவேளை என்று என் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டரை நிறுத்தியிருந்தால் என்ன போயிருக்கும் என்றீர்கள். இதுவரை யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை. செவந்தி கேட்கவில்லை, சிவரஞ்சனி கேட்கவில்லை. சிவரஞ்சனி என்னோடு பேசுவதே இல்லை.

ஒன்றும் போயிருக்காது. எல்லாம் ஃபைல்தான். முறையாக நிறுத்த ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். கரண்ட் வந்ததும் பட்டனை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து வரும். அந்த ஜவுளிக் கடைக்காரர், படகுக்காரர்கள் எல்லாரும் அப்படியே இருப்பார்கள். மொத்த ஆபீசையும் ஒரு பென்டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

ஆம் மேடம். உண்ணாமலையைக் கொன்றது நான்தான். புயல் இல்லை, நோய் இல்லை, பேட்டரி இல்லை. என் மனைவியின் மூச்சை என் கையால் நிறுத்தினேன். தட்டுவது நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி ஜீப்பில் ஏற்றினீர்கள். நான் கத்துவேன் என்று உங்கள் ஏட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் கத்தவில்லை. அது நின்றால் தாங்க மாட்டேன் என்றுதான் இத்தனையும் செய்தேன். நின்றுவிட்டது. பாருங்கள், இதோ உட்கார்ந்து உங்களோடு நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இப்போது எந்தப் பயமும் இல்லை.

நீங்கள் கிளம்புங்கள். இந்த அறையில் ஓடுகிற ஃபேனை மட்டும் யாரும் அணைத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், மேடம்.